‘அடாப்டர் போதும்’ என்ற பதில் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு கேள்வி-பதில் பகுதியில், வெளிநாட்டு மின்கருவிகளை இங்கே ஓட்ட “ஒரு அடாப்டர் வாங்கிச் செருகினால் போதும்” என்று எழுதியிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமையே அந்த அடாப்டர் என் மோட்டார் பட்டறைக்கு வந்துவிட்டது. கூடவே மரம் அறுக்கும் மெஷின் ஒன்று. மஞ்சக்குப்பத்துத் தச்சருக்கு மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. அங்கே 120 வோல்ட், நம்மிடம் 230 என்பது தங்களுக்குத் தெரியாததா? அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சுவிட்ச் போட்டதும் பேய் பிடித்த மாதிரி சுற்றியதாம். சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் பக்கம் நீலப் பொறி. பாதிப் பலகை தாண்டவில்லை. பிரித்தால், உள்ளே கம்பி சுற்றிய ஆர்மேச்சர் கரிக்கட்டை. வார்னிஷ் கருகிய நாற்றம் இன்னும் பட்டறையை விட்டுப் போகவில்லை. பாவம் மனுஷர், உங்கள் பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

இந்த யோசனை தங்களுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருக்கும். பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் டிரில் அங்கே ஓடத்தான் செய்கிறது. பிரான்சிலும் 230 வோல்ட், 50 சைக்கிள்தானே! (சைக்கிள் என்றால் கரண்ட் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் போய்வருகிறது என்ற கணக்கு; ஹெர்ட்ஸ் என்பதும் அதுவே.) அதிலும் அந்தப் பிளக்கை நம் சாக்கெட்டில் அப்படியே செருகினால் எர்த் சேராது. அது வேறு கதை.

அடுத்த வாரம் “வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் எல்லாம் சரி” என்று எழுதிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். பிரஷ் வைத்த டிரில், ரம்பத்துக்குச் சரி, அதன் வாட்டுக்கு மேலே தாங்குகிற டிரான்ஸ்பார்மராக இருந்தால். அமெரிக்க பெஞ்ச் கிரைண்டருக்கு? அது 60 சைக்கிளுக்குக் கட்டிய காயில், அதாவது கம்பிச்சுருள். டிரான்ஸ்பார்மர் சைக்கிளைத் தொடாது. நிமிடத்துக்கு 3450 சுற்று ஓட வேண்டியது 2850 பக்கம் ஓடி, உடம்பு கொதிக்கும்.

31 வருடமாகக் காயில் கட்டுகிறேன். 2011 கடைசியில் ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்தபோது, நனைந்த மோட்டாரைக் காயவைக்காமல் போடாதீர்கள் என்று தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லை போலும். ராசிபலனுக்கு அந்த வாரமும் முழுப் பக்கம் இருந்தது. கரண்ட் வந்த பிறகு என் வாசலில் வரிசையாக மோட்டார்கள். எனக்கு வருமானம்தான், குறை சொல்லக் கூடாது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. “கருவியின் தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகவும்” என அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு வரி போடுங்கள். தச்சர் ரசீதைத் தங்கள் பத்திரிகை பெயருக்கே எழுதச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டுபவன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.