டம்மி இலாகாவா சார்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

அமைச்சர்கள் பத்துன கட்டுரையில சமூக நலன் மகளிர் உரிமைத் துறையை டம்மி இலாகான்னு ஒத்தை வார்த்தையில தாண்டிட்டாரு உங்க நிருபர். அங்கன்வாடி, சத்துணவு முட்டை, புதுமைப்பெண் ஆயிரம் ரூவா, குழந்தை கல்யாணத்த நிறுத்துறது எல்லாம் அந்த டம்மிதான் சார் பாக்குது. ரோடு டெண்டர் இருந்தாத்தான் துறை போல.

எங்க அக்கா கதைய சொல்றேன். குடும்ப வன்முறை சட்டம் 2005, உங்களுக்கு தெரியாததில்ல. அடி வாங்கிட்டு வந்தவள கூட்டிட்டு மொதல்ல மகளிர் ஸ்டேஷன் போனோம், ரெண்டு குழந்தை இருக்குல்ல அனுசரிச்சு போம்மான்னாங்க. ஸ்டேஷன் போலீஸ் துறை, அது வேற மந்திரி. அப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல, அந்தச் சட்டத்துக்காக இந்த டம்மி துறை போட்டிருக்கிற பாதுகாப்பு அலுவலரை தேடிப் போனா மேடம் கேம்ப், மறுபடி போனா மீட்டிங், நாலாவது தடவைதான் கண்ணுல பட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், மேசை கொள்ளாம ஃபைலு, மாவட்டம் பூரா அவங்க ஒருத்தர்தான்னாங்க. அவங்கதான் பொறுமையா கேட்டு அறிக்கை எழுதி கோர்ட்டுக்கு அனுப்புனாங்க, பத்து பைசா வாங்கல. 60 நாளுக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, எங்களுக்கு மூணு தீபாவளி போச்சு. டம்மின்னு நீங்க எல்லாரும் சொல்லிட்டே இருந்தா அந்த ஆபீஸ்க்கு இன்னொரு ஆள் போடணும்னு எவனுக்கு சார் தோணும்?

விதவை பென்ஷனுக்கு தாலுகா ஆபீஸ், சுயஉதவிக் குழுன்னா வேற துறை, 2023ல வந்த உரிமைத்தொகை கூட சிறப்பு திட்டச் செயலாக்கத் துறைன்னு தனியாத்தான் வந்துச்சு. பேர் மட்டும் மகளிர் துறை. இதை எழுதியிருந்தா உங்க நிருபருக்கு நானே ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

பெண் அமைச்சர் போட்டோ போட்டா புடவை கலரை எழுதாம விட மாட்டீங்க, ஆம்பளை மந்திரி வேட்டி எத்தனை முழம்னு என்னைக்காவது எழுதுனீங்களா? 1989லயே நம்ம மாநிலத்துல பொண்ணுக்கு பூர்வீக சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துச்சு, டெல்லி அதை செய்ய 2005 ஆச்சு, இதைப் பத்தி நான் அனுப்புன கடிதம் வரவே இல்ல. அந்த வாரம் ஃபேஸ்பேக்குக்கு நாலு பக்கம். ரொம்ப சந்தோஷம்.

திருத்தம் எல்லாம் போட மாட்டீங்கன்னு தெரியும், கேக்கல. அந்த பெண்கள் இணைப்புல கோலத்துக்கு கீழ கொஞ்சம் இடம் சும்மாத்தான் கெடக்கு, அதுல 181னு பெண்கள் ஹெல்ப்லைன் நம்பரை மட்டும் வாரா வாரம் போட்டுருங்க.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவ நிறுத்தாத ஒரு வாசகி