பழைய இரும்புக்காரரைத் தீபாவளி வரை நிறுத்தி வையுங்கள்

கவென்ட்ரி,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் சென்ற வியாழக்கிழமை கிடைத்தது. பட்டறையின் பின்னறையை ஒழித்து வாடகைக்கு விடப்போவதாகவும், அங்கே கிடக்கும் பழைய ஹெரால்டு காரின் சாமான்களை எடைக்குப் போடுவதற்குப் பழைய இரும்புக்காரரிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவரைத் தீபாவளி வரையிலாவது நிறுத்தி வையுங்கள், அப்பா. ஏன் என்று சொல்வதற்கு, இந்தக் கோடை எங்களுக்கு எப்படிப் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில், வெளியே ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. இரண்டு முறை இழுத்து, ஒரு முறை இருமி, மூன்றாவது முறை பிடித்துக்கொள்ளும் அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் பார்த்தால், அடுத்த வீட்டுப் பெரியவர் குளிர்காலம் முழுவதும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த வண்டி, வெள்ளையும் வெளிர் நீலமுமான டிரையம்ஃப் ஹெரால்டு. முன்பக்கத்தின் பானட், மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்த்துவிட்டு, அவர் முன் டயரின் மேல் உட்கார்ந்து கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். நம் பட்டறையில் டாக்டர் ஐயாவின் ஹெரால்டைப் பழுதுபார்க்க நீங்கள் எப்படி உட்காருவீர்களோ, அப்படியே.

அவர் பதினாறு வயதில், இந்த ஊரில் டிரையம்ஃப் கார்கள் செய்த கேன்லி தொழிற்சாலையில் வேலை பழகச் சேர்ந்தவராம். ஹெரால்டு 1959 முதல் 1971 வரை அங்கேதான் தயாரானது. இப்போது அந்த நிலத்தில் அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு சாலைக்கு மட்டும் ஹெரால்டு அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் இந்த வண்டி ஓடியது, சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் அதைத் தயாரித்தது என்று நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. மெட்ராஸ் என்று எழுதிய மரப்பெட்டிகளில் பாகங்களை அடுக்கி அனுப்பிய நாள்கள் அவருக்கு நினைவிருக்கின்றன.

நீங்கள் ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே போல்ட் முடுக்குவீர்களே, வண்டி உடம்பை ஏன் இப்படித் துண்டு துண்டாகச் செய்து வைத்திருக்கிறான் என்று, அதற்கும் அவரிடம் விடை இருந்தது. அதுவரை வண்டிகளுக்கு உடம்பு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டதால், முழு உடம்பைச் செய்து தர ஆள் கிடைக்காமல் போயிற்று. ஆகவே வேறு வேறு இடங்களில் சிறு துண்டுகளாகச் செய்து, தனி அடிச்சட்டத்தின் (சேஸிஸ்) மேல் வைத்து முடுக்கும்படி வடிவமைத்தார்களாம். அப்படித் துண்டாக இருந்ததால்தான் கப்பலில் ஏற்றி நம் ஊரில் பூட்டுவதும் எளிதாயிற்று. உங்கள் நாற்பது வருட வசவுக்கு இத்தனை காலம் கழித்து விளக்கம் கிடைத்திருக்கிறது.

அவர்தான் எங்களைத் தம் சங்கத்துக்கு அழைத்துச் சென்றார். இந்த வட்டாரத்தில் பழைய பிரிட்டிஷ் கார்கள் வைத்திருப்பவர்களின் சங்கம் அது. பெரும்பாலோருக்கு அறுபது வயதுக்கு மேல். மாதம் ஒரு முறை கிராமத்து மதுக்கடை ஒன்றின் முற்றத்தில் மாலையில் கூடுவார்கள். மதுக்கடை என்றதும் அம்மா பயப்பட வேண்டாம்; பாதிப் பேர் எலுமிச்சைச் சாறுதான் குடிக்கிறார்கள், ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டுமே. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால், பானட்டைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். எண்ணெய் ஒழுகவில்லை என்றால் வண்டியில் எண்ணெயே இல்லை என்று பொருள் என்பது அவர்களுடைய நிரந்தர நகைச்சுவை. அங்கே ஒருவர் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் வந்து இறங்கியதும் என் வாயில் தானாக "அம்பாசிடர்!" என்று வந்துவிட்டது. அந்த அச்சில் வார்த்த வண்டியை நாங்கள் 2014 வரை செய்துகொண்டிருந்தோம் என்று சொன்னேன். அவர் தம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் பார்த்தார்.

இவர்களுடைய கோடைப் பருவம் ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. 1900ஆம் ஆண்டில் ஆயிரம் மைல் தூரம் கார்களை ஓட்டிக் காட்டிய ஒரு சோதனை ஓட்டத்தின் நினைவாக, நாடு முழுவதும் பழைய வண்டிகளை வெளியே எடுத்து ஓட்டுவதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஏதாவது நடக்கும். கிராமத் திருவிழாப் புல்வெளியில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள், கேடனில் உள்ள கார் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்து போவார்கள், உதிரிபாகச் சந்தையில் துருப்பிடித்த சாமான்களைக் குனிந்து குனிந்து பொறுக்குவார்கள். மழை வந்தால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பார்கள். பளபளப்புக்குப் பரிசு தரும் போட்டி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. சிலர் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுவந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் சக்கரத்தைத் துடைக்கிறார்கள். ஓட்டாத வண்டிக்கு எதற்கப்பா பரிசு? மோரிஸ் டிராவலர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். அந்த வண்டியின் பின்பாதிக் கூடு ஆஷ் மரச் சட்டத்தால் ஆனது. அவர் வண்டியின் ஜன்னலோர மரத்தில் பாசி படர்ந்திருக்கிறது. பரிசு என் கையில் இருந்தால் அவருக்குத்தான்.

நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்கு இங்கே சாலை வரி கிடையாது. பெரிதாக மாற்றிக் கட்டாமல் இருந்தால், 2018 முதல் வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. நம் ஊரில் பழைய வண்டிகளுக்கு எஃப்.சி. வாங்க நீங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்ற நாள்களை நினைத்துக்கொண்டேன்.

இனி ஜூலை மாதத்துக் கதைக்கு வருகிறேன். பதினைந்து வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அது. வழி சொல்ல வரைபடம் தரமாட்டார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னக் கோட்டுப்படம் இருக்கும். புள்ளியிலிருந்து வருகிறோம், அம்புக்குறி உள்ள பக்கம் போக வேண்டும். உங்கள் பேரன் முன்சீட்டில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பெரியவருக்கு வழி சொன்னான், நான் பின்சீட்டில். ரோமானியர் போட்ட ஃபாஸ் வே என்ற சாலை வார்விக்‌ஷயர் வழியாக நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. அதில் தெற்கே இறங்கி, எட்ஜ்ஹில் குன்றுத் தொடரில் ஏறும்போது, சன்ரைசிங் ஹில் என்ற செங்குத்தான ஏற்றத்தில் எங்கள் வண்டி திணறி நின்றுவிட்டது. அன்றைக்கு முப்பது டிகிரி வெயில். நமக்கு அது ஒன்றுமில்லை, இந்த ஊருக்கு அது அக்கினி நட்சத்திரம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்தார்கள். காயிலைப் பார்த்தார்கள், பிளக்கைக் கழற்றினார்கள், ஆளுக்கொரு நோயைச் சொன்னார்கள்.

நான் பெட்ரோல் பம்பைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. அங்கிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் எஞ்சினின் சூட்டிலேயே முன்பக்கமாகச் சுற்றிப் போகிறதல்லவா? வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வழியில் டாக்டர் ஐயாவின் வண்டி நின்றபோது நீங்கள் செய்தது எனக்கு அப்படியே கண்முன் வந்தது. என் கைக்குட்டையையும் பேரனின் துண்டையும் குடிதண்ணீரில் நனைத்து, பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றி, "பத்து நிமிடம் யாரும் எதையும் தொடாதீர்கள்" என்று சொன்னேன். பெண் பிள்ளைக்கு ஷெட்டில் என்ன வேலை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாரே, அந்தக் கேள்விக்கான பதில் சன்ரைசிங் ஹில்லில் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பம்பின் கைநெம்புகோலை நாலைந்து முறை அசைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தபோது, முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. இங்கே 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அதனால் அது முன்னைவிடச் சுலபமாகக் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது என்று அவர்களில் ஒருவர் பிறகு விளக்கினார். என் ஈரத்துணி வைத்தியத்துக்குச் சங்கத்தில் இப்போது "மெட்ராஸ் துணி" என்று பெயர். திண்டுக்கல் துணி என்று நான் எவ்வளவோ திருத்திப் பார்த்தேன், எடுபடவில்லை.

இதை யாரிடம் கற்றாய் என்று கேட்டதால், ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கு உங்கள் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை வாசலில் டாக்டர் ஐயாவின் ஹெரால்டில் சாய்ந்துகொண்டு, தோளில் வேஸ்ட் துணியோடு நிற்பீர்களே, அந்தப் படம். பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார், பிறகு மற்றவர்களை எல்லாம் கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில்தான் சொன்னார்: "இதற்கு நான்கு கதவுகள் இருக்கின்றனவே!" இங்கே தயாரான ஹெரால்டு சலூனுக்கு எல்லாம் இரண்டே கதவுகள்தானாம். பின் கதவு வைத்தது நம் சென்னைக்காரர்கள் செய்த வேலை. தாம் வேலை பழகிய தொழிற்சாலையின் வண்டிக்குத் தாமே காணாத ஒரு பிள்ளை கடல் கடந்து பிறந்திருக்கிறது என்று அவர் அன்று மாலை முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

ஆகவே, அப்பா, பின்னறையில் இருப்பவற்றில் சிலவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். பானட்டில் இருக்கும் "ஸ்டாண்டர்டு" என்று பெயர் பொறித்த தகடு, பின் கதவுக் கைப்பிடிகள், கண்ணாடி ஏற்றும் இயந்திரம், எண்ணெய்க் கறை படிந்த அந்த ரிப்பேர் புத்தகம், இவை போதும். கனமான சாமான்களை அனுப்ப வேண்டாம், தபால் செலவு தாங்காது. அவற்றை இரும்புக்காரரே எடுத்துக்கொள்ளட்டும். தீபாவளிக்கு நாங்கள் வரும்போது, நீங்கள் எடுத்து வைத்தவற்றை நான் பெட்டியில் இங்கே கொண்டுவந்துவிடுகிறேன்.

பெரியவர் உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். முன்கதவும் பின்கதவும் சேரும் நடுத்தூண் வலுவில்லாமல் நாளடைவில் பின் கதவு தொங்கியதா, தொங்கியிருந்தால் எதை வைத்துத் தூக்கிச் சரிசெய்தீர்கள் என்று தெரிய வேண்டுமாம். கொஞ்சம் விவரமாக, முடிந்தால் படம் போட்டு எழுதுங்கள். நான் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்