ராபரி என்று எழுதாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின கிளெய்ம் வரைவைப் படித்தேன். லேப்டாப் போனால் போகட்டும், பிள்ளை நல்லபடியாக இருக்கிறாளே, அது போதும் என்கிறாள் அம்மா. எனக்கும் அப்படித்தான். ஆனால் சர்வீஸ் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் ஃபைல்களோடு குப்பை கொட்டினவன் ஆச்சே, உன் முதல் வரியைத் தாண்டவே முடியவில்லை. 'என் அறையில் ராபரி நடந்தது' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். அந்த ராபரியை எடுத்துவிடு.

ராபரி என்றால் ஆள் மேல் கை வைத்திருக்க வேண்டும், இல்லை வைப்பேன் என்று மிரட்டியாவது இருக்க வேண்டும். கத்தியைக் காட்டி போனைப் பிடுங்கினான் என்று நம் ஊர் பேப்பரில் வழிப்பறி செய்தி வருமே, அந்த ரகம். நீ லைப்ரரியில் இருந்தபோது அறையிலிருந்து லேப்டாப் போயிருக்கிறது, உன்னை யாரும் தொடவும் இல்லை, மிரட்டவும் இல்லை. போலீசிடம் நீ சொன்னது ஒன்று, ஃபாரத்தில் எழுதினது ஒன்று என்று ஒருத்தர் கேள்வி போட்டால் போதும், ஃபைல் அங்கேயே உட்கார்ந்துவிடும். நீ இருக்கிற இங்கிலாந்தில் 1968-ஆம் வருஷத்துத் திருட்டுச் சட்டப்படி தெஃப்ட் என்கிற வெறும் திருட்டுக்கு அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில், ராபரிக்கு ஆயுள் தண்டனை வரை போகும். (நம் நாட்டில் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ராபரி செய்தால் அது டெக்காய்ட்டி, கூட்டுக்கொள்ளை. நாலு பேர் வரைக்கும் ஒரு பெயர், ஐந்தாவது ஆள் சேர்ந்ததும் வேறு பெயர்!)

சரி, அப்போ தெஃப்டா, பர்க்ளரியா? இதைத்தான் நீ யோசிக்க வேண்டும். பர்க்ளரிக்கு நம் போலீஸ் பாஷையில் கன்னக்களவு என்று பெயர், கன்னக்கோலால் சுவரில் ஓட்டை போட்டு நுழைந்த காலத்துச் சொல், அதனால் அதைக் கேட்டாலே உடைத்துக்கொண்டு வருவதுதான் ஞாபகம் வரும். இங்கிலாந்திலும் முன்பு அப்படித்தான். 1916 சட்டத்தில் உடைத்து நுழைந்திருக்க வேண்டும், அதுவும் இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவில், பகலில் செய்தால் அதற்கு ஹவுஸ்பிரேக்கிங் என்று தனிப் பெயர். 1968-ல் இதையெல்லாம் தூக்கிவிட்டார்கள். இப்போது அனுமதியில்லாமல் ஒரு கட்டடத்துக்குள்ளோ அதன் ஒரு பகுதிக்குள்ளோ நுழைந்து திருடினாலே பர்க்ளரி. அந்த 'ஒரு பகுதி'தான் உனக்கு வேண்டியது. ஹவுஸ்மேட் கூப்பிட்டு வந்தவன் ஹாலில் உட்காரலாம், கிச்சனில் டீ போட்டுக் குடிக்கலாம், ஆனால் பூட்டாத உன் அறைக்குள் புகுந்து எடுத்தான் என்றால் சட்டத்தின் கண்ணில் அவன் பர்க்ளர்.

பாலிசியின் கண்ணில்? அது வேறு கதை. நம் நாட்டு பர்க்ளரி பாலிசிகளில் பலவந்தமாக உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பலவந்தம் இல்லாத வெறும் திருட்டுக்கு அந்தப் பாலிசியில் பணம் கிடையாது என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. உன் பாலிசியில் விளக்கங்கள் பக்கத்தை எடுத்து, தெஃப்ட், பர்க்ளரி இரண்டுக்கும் என்ன எழுதியிருக்கிறது, பகிர்ந்து வாழும் வீட்டுக்கு என்று தனி நிபந்தனை உண்டா என்று பார். பூட்டு உடைந்திருந்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள் என்று எந்தத் தோழியாவது யோசனை சொன்னால் கேட்காதே, அது ஃபிராடு.

யாராவது அவசரத்துக்கு எடுத்திருப்பார்கள், திருப்பி வைத்துவிடுவார்கள் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதையும் அடித்துவிடு. ராஜஸ்தானில் ஆல்வார் என்ற ஊரில் ஒரு அரசு அதிகாரி ஆபீஸ் ஃபைலை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாளே திருப்பி வைத்தார், தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டு திருட்டுதான் என்று 1963-ல் நம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. இங்கிலாந்தில் அப்படி இல்லை, திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் எடுத்தால்தான் தெஃப்ட். நீயே சந்தேகத்தைக் கிளப்பிக் கொடுப்பானேன்?

எந்தப் பெயரும் வைக்காமல் நடந்ததை எழுது. எத்தனை மணிக்கு வெளியே போனாய், கதவு எப்படி இருந்தது, எப்போது பார்த்தாய், போலீஸ் கொடுத்த நம்பர் என்ன. தொலைந்தது என்று அர்த்தம் வரும் 'லாஸ்ட்' என்ற சொல் எங்கேயும் வரவேண்டாம், நீ ஒன்றும் பஸ்ஸில் மறந்துவைக்கவில்லை. எக்ஸஸ் என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள், அதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், அதற்காகச் சண்டை போடாதே. லேப்டாப் பில் என் மெயிலில் இருக்கிறது, ராத்திரிக்குள் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா