வெடக்கோழியும் தோல் முட்டையும்

பென்னாகரம்
ஆனி 3

அன்புள்ள மாப்பிள்ளை,

தைக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் இருந்தால் ஆடி 18க்கு ஒகேனக்கல் வரும்போது நேரிலேயே திட்டிவிடு. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

விஷயம் கோழிதான். கார்த்திகையில் வாங்கிவிட்ட கிராமப்பிரியா இனக் குஞ்சுகளில் 22 பெட்டை தேறியது. சித்திரை கடைசியில் முட்டை வைக்க ஆரம்பித்தன. முதல் முட்டையை அம்மா சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டாள். நாலாம் நாள் கொட்டாயைத் திறந்தால், வைக்கோல் மேல் ஓடில்லாத ஒரு தோல் முட்டை. தொட்டால் நுங்கு மாதிரி அமுங்குகிறது. புதிதாக முட்டை வைக்கத் தொடங்கும் வெடக்கோழிக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் அப்படி வருவது சகஜம், ஓடு கட்டும் பை பழகவேண்டும் என்று சொன்னார்கள். சரி என்று இருந்தேன். மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. ஓடு இருந்தாலும் எடுக்கும்போதே நொறுங்கியது. அப்புறம், தினமும் தவறாமல் வைத்த அந்தச் செம்பட்டைப் பெட்டை ஒருநாள் காலையில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது.

கால்நடை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தீவனம் போடுறீங்க?" குரோயர்தான், வளரும் கோழிக்குப் போடும் தீவனம். முட்டை வைக்கத் தொடங்கிய பிறகும் அதுவே போதும் என்று தீவனக் கடைக்காரர் சொன்னதை நம்பிவிட்டேன், மாப்பிள்ளை. குரோயரில் கால்சியம் நூற்றுக்கு 1 பங்குதான். முட்டைக்கோழிக்கு மூன்றரை, நான்கு வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் போகிறது. தீவனத்தில் கிடைக்காவிட்டால் அது தன் எலும்பையே கரைத்து ஓடு கட்டுமாம். கால் விழுந்தது அதனால்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். "ஆறு பெத்தவளுக்கு இது தெரியாதாடா" என்று எழுந்துபோய் அந்தக் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம். அதோடு சாயங்காலம் தனிச் சட்டியில் கிளிஞ்சல் வைக்கிறேன். ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பாகம் ராத்திரியில். அப்போது கோழி மேய்வதில்லை. பொடியாக இல்லாமல் கொஞ்சம் பெரிய துண்டாக இருந்தால் வயிற்றில் தங்கி, விடியும்வரை மெதுவாகக் கரைந்து கொடுக்கும். வெயிலும் ஒரு காரணம். வாயைத் திறந்து இளைக்கும்போது, ஓட்டுக்கு வேண்டிய கரியமில வாயு மூச்சோடு போய்விடுகிறது. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போட்டிருக்கிறேன்.

நீ போன தடவை, "குஞ்சிலிருந்தே லேயர் தீவனம் போடு, எலும்பு இரும்பாகும்" என்று பெரிய வைத்தியர் மாதிரி சொன்னாயே, கேட்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று. அவ்வளவு கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். பஞ்சப்பள்ளி அணையில் நீ சொன்ன வழியில் போனோமே, அந்த வழி மாதிரிதான் உன் வைத்தியமும்! உன் தோட்டத்தில் 50 பெட்டை விடப் போவதாகச் சொன்னாய். முதல் முட்டை கண்ட அன்றே தீவனத்தை மாற்று. நான் செய்த தப்பை நீ செய்யாதே.

செம்பட்டைப் பெட்டையைத் திண்ணையில் கூடைக்குள் வைத்திருக்கிறோம். நேற்று இரண்டு அடி நடந்தது. போன வாரம் முழுக்க ஒரே ஒரு தோல் முட்டைதான்.

கடலூரிலிருந்து வரும்போது ஒரு மூட்டை கிளிஞ்சல் கொண்டுவா. நல்ல தண்ணீரில் அலசி, உப்புப் போகக் காயவைத்துக் கட்டு.

இப்படிக்கு,
உன் மச்சான்