இரணைமடுக் குளக்கட்டில் வெளிச்சம் பிடித்த அண்ணைக்கு

குளத்தில் வலைக்குப் போன இடத்தில் இரவு வள்ளம் பிரண்டு, நானும் மச்சானும் தப்பி வீடு வந்து இன்றைக்கு மூன்றாம் நாள். கை நடுக்கம் இன்னும் போகவில்லை. நடந்தது ஊருக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்ல வரவில்லை.

அண்ணை, உங்கள் பெயரையே நேற்றுத்தான் கேட்டு அறிந்தேன். எழுத வேண்டாம் என்றுவிட்டீர்கள், சரி. ஆனால் நீங்கள் செய்ததை எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

வள்ளம் பிரண்ட பிறகு கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. 36 அடிக்குத் தண்ணீர் நிற்கிற குளம். அந்த இருட்டில் கட்டும் காடும் ஒன்றுதான். கட்டில் ரோச் வெளிச்சங்கள் அங்கும் இங்கும் ஓடின, பார்க்கத் தலை சுற்றியது. இரண்டு வெளிச்சம் மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. வள்ளத்தைப் பிடித்தபடி அதைப் பார்த்தே காலை அடித்தோம்.

அது உங்கள் உழவு இயந்திரத்தின் லைற் என்று என் மனைவி சொல்லித்தான் தெரியும். வயலால் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அழுகுரல் கேட்டுக் குளத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினீர்களாம். மழை விட்டதும் ஈசல் கிளம்பி லைற்றை மொய்த்துவிட்டது. வெளிச்சம் மங்க மங்க நீங்கள் தோள் சால்வையால் துடைத்தீர்கள். நாங்கள் கரையேறச் சாமம் கடந்துவிட்டது, அதுவரைக்கும் துடைத்தீர்கள். பற்றரி இறங்கிவிடும் என்று எஞ்சினையும் நிறுத்தவில்லை. விதைப்புக்கு வைத்திருந்த டீசல் அது. அவள் காசு நீட்டியபோது, "முதல்ல அவங்களுக்குத் தேத்தண்ணி குடு பிள்ளை" என்றீர்களாம்.

நான் முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவன். "குளம்தானே" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கடலில் அலை இடம் விட்டு வரும். குளத்தில் மூச்செடுக்க விடாமல் அடுத்தடுத்து அடிக்கிறது. உப்புத் தண்ணீர் தூக்குகிற அளவுக்கு நல்ல தண்ணீர் உடம்பைத் தூக்காது. கனடாவிலிருந்து சித்தப்பாவின் மகன் எடுத்து அழுதான். அங்கே சுப்பீரியர் ஏரியில் 1975 நவம்பர் 10 இல் 729 அடி நீளக் கப்பலே புயலில் தாண்டு, அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் தப்பவில்லையாம். எங்கள் வள்ளம் எந்த மூலைக்கு?

வள்ளங்கள் இறக்கித் தேடிய சங்கத்துப் பொடியள், வைத்தியசாலையில் இரவு முழுக்க நின்ற பிள்ளைகள், வீட்டில் உலை வைத்த அயலவர்கள், கோயிலில் நேர்ந்தவர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி உயிர்காப்பு அங்கி போடாமல் வள்ளத்தில் கால் வைக்கமாட்டேன். ஐப்பசியில் பின்னேரம் மேற்கு கறுத்தால் வலை போனாலும் போகட்டும், கரைக்கு வந்துவிடுவேன். மகளின் தலையில் கை வைத்துச் சொன்னது இது.

அண்ணை, வெள்ளிக்கிழமை உங்களிடம் வருகிறோம். குளிரில் மச்சானைப் போர்த்திவிட்ட அந்தச் சால்வை எங்களிடம்தான் இருக்கிறது. மனைவி இரண்டு தரம் தோய்த்துவிட்டாள், ஈசல் செட்டை இன்னும் நூலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.