பாட்டுப் ‘படித்த’ வீடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அந்தக் காலத்துக் கவிதை வாசிப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நிறைய உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 5 பேர் சொச்சம்தான். ஆகவே அன்றைக்குக் கவிதை என்பது புலவர், மடம், மிராசுதார் வீடு என்று ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே கிடந்தது என்கிறார் கட்டுரையாளர். கணக்கு சரி. அந்த ‘ஆகவே’தான் சரியில்லை.

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் இன்றைக்கும் ‘ஒரு பாட்டுப் படி’ என்பார்கள். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் ‘நல்லாப் படிக்கான்’ என்பார்கள். படிப்பது என்றால் வாயால் படிப்பது, ராகம் போட்டு, நாலு பேர் கேட்கப் படிப்பது. தெருவில் ஒருத்தருக்கு எழுத்து தெரிந்தால் போதும், தெருவே அந்தப் புத்தகத்தைப் படித்துவிடும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1960களின் தொடக்கம், எனக்கு எட்டு வயது இருக்கலாம். கடலை உடைக்கிற காலத்தில் ராத்திரி எங்கள் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். ஆச்சி அரிக்கேன் விளக்கின் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்து வைப்பாள். தாத்தா ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’யை எடுத்து, எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே படிப்பார். ஒரு அடியை இழுத்துப் படித்து நிறுத்துவார். கடலை உடைகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் அடுத்த அடி. பஞ்சத்துக்குத் தப்பி ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்த நல்லதங்காளை அண்ணி மூளி அலங்காரி கதவடைத்து நிறுத்துகிற இடம் வந்தால், எதிர் வீட்டு அத்தை வாய்விட்டே திட்டுவாள். அவள் பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற கிணற்றடி வரும்போது கடலை உடைக்கிற சத்தமும் நின்றுவிடும்.

ஆச்சிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஒரு நாள் தாத்தா தூக்கக் கலக்கத்தில் ஒரு பக்கத்தைத் தள்ளிப் படித்துவிட்டார். நிலைப்படிக்கு உள்ளேயிருந்து ஆச்சி, “இந்தாருங்க, விறகுக்குப் பச்ச வாழமட்டய குடுத்தாள்ல, அத விட்டுட்டீங்களே” என்றாள். தாத்தா ஒன்றும் பேசாமல் பக்கத்தைப் பின்னால் திருப்பினார். கணக்கெடுப்பில் ஆச்சி எந்தப் பக்கம் சேர்ந்திருப்பாள் என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

கட்டுரையோடு போட்டிருந்த ஓவியத்தில் ஒருவர் ஏட்டுச்சுவடியை மடியில் வைத்து வாய்மூடி, கண்ணால் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறார். அழகான படம்தான். ஆனால் ஏட்டை அப்படி வாசிப்பது லேசில்லை. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். செய்யுளை அடி அடியாகப் பிரிக்காமல் ஓலையின் அகலத்துக்கு நீளமாக எழுதிக்கொண்டே போவார்கள். வாய்விட்டு ஓசையைப் பிடித்துப் பார்த்தால்தான் அது வெண்பாவா விருத்தமா, சீர் எங்கே முடிகிறது, அந்த எழுத்துக்குப் புள்ளி உண்டா இல்லையா என்பதெல்லாம் தெரியவரும்.

இன்னொன்று. ‘கவிதை’ என்று ஒரு தனி அலமாரி அன்றைக்கு இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன் அகராதி புரட்டவில்லை, நிகண்டைத்தான் உருப்போட்டான், அதுவும் செய்யுள். வைத்தியர் மருந்துச் சரக்கின் அளவைப் பாட்டாக வைத்திருந்தார். கணக்கும் பாட்டுதான். பலாப்பழத்தைக் கீறாமலே சுளை எத்தனை என்று சொல்ல, கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் ஒரு வெண்பா வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். நான் ஒரு பண்ருட்டிப் பழத்தை வைத்து முயன்று பார்த்தேன். கணக்கு உதைத்தது, வெண்பா மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

மழை பெய்யவில்லையா, ஊர்ப் பொதுவிடத்தில் பாரதத்தின் விராட பருவம் படிக்க வைப்பார்கள். தென்மாவட்டங்களில் இழவு வீட்டில் ராத்திரி விழித்திருந்து, பாண்டவர் வைகுந்தம் போன கதையான வைகுந்த அம்மானை படிப்பது வழக்கம். முஸ்லிம் வீடுகளில் உமறுப் புலவரின் சீறாப்புராணம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு. ஒருவர் பாட்டைப் படிக்க, பக்கத்தில் இருப்பவர் ‘பயன்’, அதாவது பொருள், சொல்வார். 10,345 பாட்டுள்ள நூல் அது. அதை அங்கே ஏர் பிடித்தவரும் கடை வைத்தவரும் கேட்டே வளர்ந்தார்கள். புரியாத பாட்டுக்குப் பயன் சொல்ல ஒரு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்த ஏற்பாட்டைக் கவிதைக் கூட்டம் நடத்துகிற நண்பர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

அச்சு வந்த பிறகும் இந்த வழக்கம் உடனே போய்விடவில்லை. சென்னையில் குஜிலி என்ற கடைத்தெருவில் அச்சிட்ட காலணா, அரையணா பாட்டுப் புத்தகங்கள் சந்தைக்கும் ரயிலடிக்கும் வந்தன. ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து, வெள்ளம் வந்தால் ஒரு சிந்து, கொலை நடந்தால் ஒரு சிந்து. விற்கிறவரே பாடித்தான் விற்பார். காசு இல்லாதவன் சும்மா நின்று கேட்டுவிட்டு, மெட்டோடு ஊருக்குக் கொண்டுபோவான்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் திண்ணையிலேயே எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் தெருவில், வேப்பமரத்தடி இருட்டில் நின்றுதான் கேட்டார்கள். ஆச்சிக்கும் நிலைப்படிக்கு உள்ளேதான் இடம். மூளி அலங்காரியின் அடைத்த கதவுக்காகக் கண்ணீர் விட்ட அந்தக் கூட்டத்துக்கு இதெல்லாம் உறுத்தவில்லை. எனக்கும் அப்போது உறுத்தவில்லை.

தாத்தா 1974இல் காலமானார். பல வருஷம் கழித்து வீட்டை இடிக்கும்போது பரணில் அந்தப் புத்தகம் கிடைத்தது. அட்டை போய், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. உட்கார்ந்து மனதுக்குள்ளேயே வாசித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திண்ணையில் அதற்கு மூன்று ராத்திரி ஆகும். கண்ணில் நீரும் வரவில்லை.

கிணற்றடியோடு புத்தகம் நின்றுவிட்டது. அதற்கு மேல் தாள் இல்லை. கிழிந்த இடம் நூலோடு நூலாக மழுங்கிப்போய் இருந்தது. கிழிந்து நெடுங்காலம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் கிணற்றடிக்கு அப்புறம் நடப்பதையெல்லாம் தாத்தா படிக்க நான் கேட்டிருக்கிறேன். விரலை எழுத்துக்கு அடியில் ஓட்டிக்கொண்டு, நேரம் பார்த்து எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பியும் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கத்தைத் திருப்பினார் என்றுதான் தெரியவில்லை. ஆச்சிக்குத் தெரிந்திருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு பழைய சந்தாதாரர்,
சங்கரன்கோவில் வட்டம்.