பணியார வண்டி இடம் மாறுகிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் நம் பணியார வண்டி காரைக்குடியில் வழக்கமான முனையில் நிற்காது. அடுத்த தெருவில், வேப்பமரத்தடியில் நிற்கும். வெள்ளைப் பணியாரமும் காரச்சட்னியும் அங்கேயும் மாலை 4.30 மணிக்குக் கிடைக்கும்.

போன மாதம் இரண்டு நாள் வண்டியைக் காணாமல், "ஏதும் பிரச்சினையா?" என்று ஆச்சிமார் பலர் கேட்டீர்கள். எங்கள் மேல் தவறில்லை. ஒரு சாயங்காலம் அதிகாரிகள் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து அடுப்பு, சட்டி, கரைத்து வைத்த மாவு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னென்ன எடுத்தோம் என்று ஒரு சீட்டுகூடத் தரவில்லை. மாவு அன்று இரவே புளித்துப்போனது.

பக்கத்தில் பழம் விற்கும் அண்ணன்தான் சட்டம் இருப்பதை எங்களுக்குச் சொன்னார். 2014-ஆம் ஆண்டு வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அது. வண்டியை இடம் மாற்ற வேண்டுமென்றால் 30 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். பொருளை எடுத்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகிப்போகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். இது தெரிந்திருந்தால் அன்றே போய்க் கேட்டிருப்போம்.

அந்தச் சட்டத்தில் எங்களுக்குப் பிடித்தது நகர விற்பனைக் குழு. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதில் இந்தக் குழுவையும் கலந்து முடிவெடுக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அடுப்பில் நிற்பவரின் பேச்சும் அங்கே ஏற வேண்டும் என்பதுதானே நியாயம்! ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுத்து, தகுதியுள்ளவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். எங்கள் சான்றிதழை வண்டியின் முன்பக்கம் மாட்டியிருக்கிறோம், பார்க்கலாம்.

இந்த முறை நோட்டீஸ் முறையாகக் கைக்கு வந்தது. பழைய முனையில் பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடக்கச் சிரமப்பட்டதை நாங்களும் பார்த்தோம். அதனால் மனமொப்பித்தான் மாறுகிறோம்.

சரி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதுத் தெரு குறுகல், வண்டிகளைச் சாலையில் நிறுத்தாமல் ஓரமாக விடுங்கள். அப்புறம், சனிக்கிழமை கந்தரப்பம் வேண்டுவோர் வெள்ளி இரவுக்குள் சொல்லிவிடுங்கள், அரிசி ஊறப்போட வேண்டும்.

அன்புடன்,
பணியார வண்டிக் குடும்பத்தார்